நிழற்றிய பக்கம்

நான் பயந்தவள். இதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை. வன்னியில் கிபிர் விமானத்தின் சத்தம் கேட்டால் எங்கள் பள்ளிக்கூடத்தில் முதலில் பதுங்குகுழிக்குள் குதிப்பது நான்தான். பிள்ளைகள் ஆறுதலாகப் புத்தகங்களை அடுக்கி வைத்துவிட்டு எனக்குப் பின்னால் இறங்குவார்கள். "ரீச்சர் இறங்கிட்டா, இனி உண்மையாத்தான் வருது" என்று ஒருத்தி சொல்ல மற்றவர்கள் சிரிப்பார்கள். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் வந்து நிற்கும். ஆனால் குழிக்குள் குனிந்து இருந்துகொண்டு யாரை ஏசுவது?

வானத்திலிருந்து வந்த பயங்களில் பாதியை மறந்துவிட்டேன். மறக்க முடியாத ஒன்று என் கையிலிருந்த பென்சிலால் வந்தது.

யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்த அம்மாவும் நானும் சில வருடங்கள் உடையார்கட்டில் தறப்பாள் கொட்டிலுக்குள் இருந்தோம். சண்டை கிளிநொச்சியை விட்டு நகர்ந்ததும் சனங்கள் மெல்ல மெல்லத் தங்கள் காணிகளுக்குத் திரும்பினார்கள். எங்களுக்கு அங்கே காணி இல்லை. ஆனால் கிளிநொச்சிக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பள்ளிக்கூடம் திறந்திருக்கிறது, கணிதம் படிப்பிக்க ஆள் இல்லை என்று கேள்விப்பட்டேன். உயர்தரத்தில் கணிதம் படித்துவிட்டுச் சும்மா இருந்தவள் நான். தொண்டர் ஆசிரியையாகப் போய்ச் சேர்ந்தேன். எனக்கு வயது இருபத்திரண்டு.

உயர்தரக் கணித வகுப்பில் ஆறு பிள்ளைகள். கட்டடத்துக்குக் கூரை பாதிதான் இருந்தது. அந்தப் பாதியைச் சின்ன வகுப்புகளுக்குக் கொடுத்துவிட்டு நாங்கள் பாலை மரத்துக்குக் கீழே இருந்தோம். கரும்பலகை என்று நாங்கள் சொன்னது, யாரோ ஒருவருடைய உடைந்த வீட்டின் கதவு. கரித்தூளை இலைச்சாற்றில் குழைத்து அதற்குப் பூசியிருந்தோம். மழை பெய்தால் பலகை கரைந்து பாடமும் போய்விடும்.

எல்லாவற்றுக்கும் தட்டுப்பாடு. வரைபுத்தாள் கண்ணிலும் கிடையாது. கொப்பித் தாளில் அடிமட்டம் வைத்துக் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போட்டு, அதைத்தான் வரைபுத்தாள் என்று வைத்துக்கொண்டோம். கீறுவதும் அழிப்பதும் மறுபடி கீறுவதுமாகத் தாள் பஞ்சு போல ஆகிவிடும். ஆறு பேருக்கும் இரண்டு பென்சில்கள். அவற்றைத் துண்டு துண்டாக வெட்டிப் பங்கிட்டிருந்தோம். விரல் நுனியால் பிடிக்கக்கூட முடியாத துண்டுகள்.

அந்த நிலையில்தான் ஏகபரிமாணத் திட்டமிடல் என்ற பாடத்தைத் தொடங்கினேன். பெயரைக் கேட்டால் காய்ச்சல் வரும். விஷயம் ஒன்றும் பெரிதில்லை. கையில் இருப்பது கொஞ்சம். அதை வைத்து ஆகக்கூடியதை எப்படி எடுப்பது என்பதுதான் முழுப் பாடமும். நேரம் இவ்வளவுக்கு மேல் இல்லை, ஆள் இவ்வளவுக்கு மேல் இல்லை என்று ஒவ்வொரு கட்டுப்பாட்டையும் ஒரு சமனிலியாக எழுதவேண்டும். ஒவ்வொரு சமனிலிக்கும் ஒரு நேர்கோடு. கோட்டுக்கு ஒரு பக்கம் ஆகும், மறுபக்கம் ஆகாது. எல்லாக் கட்டுப்பாடுகளுக்கும் ஆகிற பக்கங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுகிற இடம்தான் இயல்தகு பிரதேசம். அதற்குள் எங்கே நின்றாலும் பிழையில்லை.

எந்தப் பக்கம் ஆகும் என்று தெரியாவிட்டால் ஒரு புள்ளியை எடுத்து வைத்துப் பார்க்கலாம். பூச்சியம், பூச்சியம் என்ற புள்ளி வசதி. வைத்துப் பார்த்தால் சமனிலி சரி வருகிறதா, அந்தப் பக்கம் நல்லது. வரவில்லையா, மற்றப் பக்கம். "வைச்சுப் பாருங்கோ, பிழைச்சால் அழிச்சுப்போட்டு மற்றப் பக்கம் போங்கோ" என்று எத்தனை தரம் சொல்லியிருப்பேன்.

யாழ்ப்பாணத்தில் எங்களுக்குப் பழக்கியது வேண்டாத பக்கங்களைப் பென்சிலால் வரியடித்து நிழற்றித் தள்ளுவது. கடைசியில் வெள்ளையாக மிஞ்சுவதுதான் எங்களுடையது. நானும் அப்படித்தான் தொடங்கினேன். இரண்டாம் நாளே பென்சில் துண்டுகள் பாதியாகிவிட்டன. வேண்டாத உலகம் பெரிது, தாளின் விளிம்பு வரைக்கும் அதை நிழற்றவேண்டும். வேண்டியது உள்ளங்கை அளவுதான். சிக்கனம் பார்த்து நான் முறையை மாற்றினேன். "இனி வேண்டிய பக்கத்தை மட்டும் நிழற்றினால் காணும். நிழற்றின பக்கம்தான் எங்கட பக்கம். விளங்குதோ?" என்று கேட்டேன். விளங்குது ரீச்சர் என்றார்கள். பென்சில் மிச்சமானது. என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன்.

புத்தகத்தில் இருந்த கணக்குகள் தளபாடத் தொழிற்சாலை, சீமெந்துத் தொழிற்சாலை என்று எங்களுக்குச் சம்பந்தமில்லாத இடங்களில் நடந்தன. அதனால் ஆளுக்கு ஒரு கணக்கைத் தங்கள் வீட்டிலிருந்து கொண்டு வரச் சொன்னேன். ஐந்து பேர் தொழிற்சாலையின் பெயரை மாற்றிக்கொண்டு வந்தார்கள். ஆறாவது பிள்ளை மட்டும் தன் அம்மாவைக் கொண்டு வந்தாள்.

அவளுடைய குடும்பம் மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்து குடியேறிய குடும்பம். தகப்பன் இல்லை. தாய் கூலி வேலைக்குப் போவா, வேலை இல்லாத நாட்களில் விறகு வெட்டுவா, கூரைக்குக் கிடுகு பின்னுவா. இரண்டையும் அரிசிக்கு மாற்றுவா. பிள்ளை எங்களோடு எங்களைப் போலப் பேசுவாள். தாயோடு பேசும்போது மட்டும் பேச்சு மலைக்குத் திரும்பிவிடும். அவள் எழுதி வந்த கணக்கு எனக்கு இன்றும் மனப்பாடம். ஒரு விறகுக் கட்டுக்கு அம்மாவுக்கு இரண்டு மணித்தியாலம், ஒரு கிடுகுக் கட்டுக்கு ஒரு மணித்தியாலம். ஒரு நாளைக்கு எட்டு மணித்தியாலத்துக்கு மேல் முடியாது. ஐந்து கட்டுக்கு மேல் சுமக்க இடுப்பு விடாது. விறகுக் கட்டுக்கு மூன்று கொத்து அரிசி, கிடுகுக் கட்டுக்கு இரண்டு கொத்து. ஆகக்கூடிய அரிசி கிடைக்க அம்மா என்ன செய்யவேண்டும்?

கதவில் பெரிதாகக் கீறினோம். 2x + y ≤ 8. x + y ≤ 5. நடுவில் ஒரு சின்ன நாற்பக்கல் வந்தது. அதை நிழற்றினோம். பிறகு நான்கு முனைகளிலும் அரிசியைக் கணக்குப் பார்த்தோம். இரண்டு கோடுகளும் வெட்டுகிற மூலையில், மூன்று விறகுக் கட்டும் இரண்டு கிடுகுக் கட்டுமாகப் பதின்மூன்று கொத்து. வேறு எங்கே நின்றாலும் அதைவிடக் குறைவு.

"பாத்தீங்களோ, நடுவில நிண்டால் மிச்சம் விட்டிடுவியள்" என்றேன் நான். "ஆகக்கூடினது வேணுமெண்டால் ஓரத்துக்குப் போகவேணும். ஓரத்திலயும் மூலைக்குப் போகவேணும். விடை எப்பவும் மூலையிலதான் இருக்கும்."

அவள் அதைக் கொப்பியில் எழுதி அடிக்கோடு போட்டாள்.

அடுத்த கிழமை, மிதிவெடி அகற்றுகிறவர்கள் இரண்டு பேர் சைக்கிளில் பள்ளிக்கூடத்துக்கு வந்தார்கள். பெரிய வாய்க்காலுக்கு மேற்கே, முன்பு காவலரண்கள் இருந்த இடத்தில் வெடிகள் இருக்கின்றன. எடுத்து முடிக்க மாதக்கணக்காகும். பலகை அடிக்க ஆணியும் இல்லை, கட்டுவதற்கு நாடாவும் இல்லை. அதனால் ஒரு படம் கொண்டுவந்திருந்தார்கள். அதைப் பிரதி பண்ணிச் சனங்களுக்குக் கொடுக்கவேண்டும். அதிபர் என்னைக் கூப்பிட்டார்.

"ரீச்சர், நீங்கள் கீறுறதில கெட்டிக்காரியெல்லோ. உங்கட ஆறு பிள்ளையளும் ஆறு ஒழுங்கையில இருந்து வருதுகள். ஒழுங்கைக்கு ஒண்டா ஆறு படம் கீறிக் குடுங்கோ."

அவர்களுடைய படத்தில் வெடி இருந்த இடம் சிவப்பால் வரியிடப்பட்டிருந்தது. நடுவில் ஒரு மண்டையோடு. வாய்க்கால் ஒரு பக்கம், கிரவல் றோட்டு ஒரு பக்கம், பழைய குளக்கட்டு ஒரு பக்கம், வேலி ஒரு பக்கம். நேர்கோடுகளுக்கு நடுவில் அடைபட்ட ஒரு நாற்பக்கல். பள்ளிக்கூடக் கதவில் நாங்கள் கீறியதைப் போலவே இருந்தது. அது அப்போது என் கண்ணில் படவில்லை. கண் சிவப்பு வரியைப் பார்த்தது, கை அதைக் கறுப்பு வரியாகப் போட்டது. என்னிடம் சிவப்புப் பென்சில் இல்லை.

மண்டையோட்டை நான் கீறவில்லை. வீட்டில் சின்னப் பிள்ளைகள் பார்த்துப் பயப்படும் என்று எனக்குள் காரணம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் பயந்தது நான். ஆறு மண்டையோடுகளை ஒவ்வொன்றாக, கண் குழியும் பல்லும் வைத்துக் கீற எனக்கு மனம் வரவில்லை. அதற்குப் பதிலாக வரியிட்ட இடத்துக்கு நடுவில் அழகான எழுத்தில் "கட்டுப்பாட்டுப் பகுதி" என்று எழுதினேன். அந்தக் கிழமை முழுக்கக் கட்டுப்பாடு கட்டுப்பாடு என்றே வாய் சொல்லிக்கொண்டிருந்ததால் அந்தச் சொல்தான் முன்னால் வந்து நின்றது.

அந்தச் சொல்லை எங்கள் சனங்கள் எப்படிக் கேட்பார்கள் என்று ஒரு நிமிடம் யோசித்திருக்கவேண்டும். றேடியோவில் காலையும் மாலையும் கட்டுப்பாட்டுப் பகுதி, கட்டுப்பாட்டுப் பகுதி என்றுதான் செய்தி. அவர்களுடைய கட்டுப்பாட்டுப் பகுதி, எங்களுடைய கட்டுப்பாட்டுப் பகுதி. நாங்கள் இருக்கிற பக்கத்தில் வெறுமனே அப்படி எழுதினால், எங்கள் கைக்கு வந்த இடம், போய் வரக்கூடிய இடம் என்று பொருள். கணிதத்திலும் அப்படித்தான், கட்டுப்பாடுகளுக்கு உட்பட்ட பகுதி என்றால் நல்ல பகுதி. போகக் கூடாத இடம் என்று அதை வாசிக்கக்கூடிய ஒரே ஆள் எழுதிய நான்தான்.

வகுப்பில் படங்களைக் கொடுக்கும்போது வாயால் சொன்னேன். "கறுப்பு அடிச்ச பக்கம் ஒருத்தரும் போகக்கூடாது. வீட்டிலயும் சொல்லுங்கோ." ஐந்து பேர் கேட்டார்கள். விறகுக் கணக்குப் பிள்ளைக்கு அன்றைக்கு மலேரியா, வரவில்லை. அவளுடைய படத்தைச் சிநேகிதியிடம் கொடுத்துவிட்டேன்.

நான்கு நாட்கள் போயின. ஐந்தாம் நாள் காலையிலும் அவளுடைய இடம் வெறுமையாக இருந்தது.

"இன்னும் காய்ச்சலோ?" என்று சிநேகிதியிடம் கேட்டேன்.

"இல்லை ரீச்சர், காய்ச்சல் விட்டிட்டுது. இண்டைக்குத் தாயோட விறகுக்குப் போறன் எண்டவள். பெரிய வாய்க்காலுக்கு அங்கால பட்ட பாலை மரங்கள் விழுந்து கிடக்குதாம். இவ்வளவு நாளும் பயத்தில ஒருத்தரும் போகேல்லையாம், இப்ப வெடி எல்லாம் எடுத்து முடிஞ்சுதாம்."

"ஆர் சொன்னது முடிஞ்சுதெண்டு?"

"நீங்கள் குடுத்துவிட்ட படத்திலதான் கிடக்குதாம்."

"நீ படத்தைக் குடுக்கேக்கை ஒண்டும் சொல்லேல்லையோ?"

"அவள் படுத்துக் கிடந்தவள், ரீச்சர். தாயிட்டைக் குடுத்துட்டு வந்திட்டன்."

முதல் நாள் மழைக்கு நனையாமல் கூரைக்குக் கீழே இழுத்து வைத்திருந்த கதவு எனக்கு எதிரே நின்றது. அதில் கீறிய வரைபு அழிக்கப்படாமல் இருந்தது. நடுவில் வரியிட்ட நாற்பக்கல். பக்கத்தில் என்னுடைய எழுத்தில், இயல்தகு பிரதேசம்.

அதிபரின் சைக்கிளை எடுத்தேன். கேட்கவும் இல்லை. அவர் பின்னால் எதையோ கத்தியது மட்டும் காதில் விழுந்தது.

இரண்டு மைல் இருக்கும். ஆண்களின் சைக்கிள், எனக்குக் கால் எட்டவில்லை. பாவாடை சங்கிலியில் மாட்டிக் கிழிந்தது. முதல் நாள் பெய்த மழையில் ஒழுங்கை சேறாகக் கிடந்தது. நான் பயந்தது ஒரு சத்தத்துக்கு. அது இன்னும் கேட்கவில்லை என்பதுதான் அப்போது என்னிடம் இருந்த ஒரே நல்ல செய்தி. அதனால் காதைத் தீட்டிக்கொண்டு மிதித்தேன். எங்கோ யாரோ தேங்காய் உடைத்தார்கள், உயிர் போய் வந்தது. ஒரு வளவுக்குள் மா இடித்தார்கள், அதற்கும் சைக்கிள் ஆடியது. இந்த வளைவு தாண்டும் வரைக்கும் கேட்கக்கூடாது, அந்தப் பனை வரைக்கும் கேட்கக்கூடாது என்று வேண்டிக்கொண்டே போனேன். எந்தக் கடவுளிடம் வேண்டினேன் என்று நினைவில்லை.

அவர்களுடைய வீட்டுப் படலை கயிற்றால் கட்டியிருந்தது, உள்ளே ஒருவரும் இல்லை. சைக்கிளை வாய்க்கால் பக்கம் திருப்பினேன்.

வாய்க்கால் கட்டின் மேல் ஏறி நின்று பார்த்தேன். அறுபது எழுபது அடி தள்ளி, வாய்க்காலும் பழைய குளக்கட்டும் சேருகிற மூலையில், விழுந்து கிடந்த பாலை ஒன்றுக்குப் பக்கத்தில் இரண்டு பேரும் நின்றார்கள். தாய் கத்தியால் கிளை தறித்துக்கொண்டிருந்தா. பிள்ளை ஒரு விறகுக் கட்டைக் கட்டி முடித்துவிட்டு இரண்டாவதுக்குக் கயிறு எடுத்துக்கொண்டிருந்தாள்.

வாய் திறந்தேன், சத்தம் வரவில்லை. அது நல்லதாகப் போயிற்று. அந்தச் சில நொடிகளில்தான் இன்னொன்று உறைத்தது. நான் கத்தினால் என்ன நடக்கும்? பிள்ளை என்னைக் கண்டதும் "ரீச்சர்" என்று ஓடி வருவாள். மிதிவெடி என்று சொன்னால் பயத்தில் தாயும் மகளும் ஆளுக்கொரு பக்கம் ஓடுவார்கள். எப்படிச் சொன்னாலும் ஓடக்கூடாது. எப்படிச் சொன்னால் ஓடமாட்டார்கள்? எனக்குத் தெரிந்த ஒரே குரல் வகுப்புக் குரல். அதில் பேசினேன்.

"பிள்ளை, நான் சொல்லுமட்டும் ஒரு அடி எடுத்து வைக்கக்கூடாது. அம்மாவையும் அப்பிடியே நிக்கச் சொல்லு."

அவள் நிமிர்ந்தாள். சிரிக்கத் தொடங்கிய முகம் என்னுடைய முகத்தைக் கண்டு நின்றுவிட்டது. பள்ளிக்கு வராததற்கு ஏசத்தான் வந்திருக்கிறேன் என்று நினைத்திருப்பாள்.

"என்ன ரீச்சர்?"

"படத்தில கறுப்பு அடிச்சது போகக்கூடாத பக்கம். நான்தான் விளங்கிற மாதிரி எழுதேல்லை. அங்க இன்னும் எடுக்கேல்லை."

அவள் தன் காலைப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "நிழற்றின பக்கம்தான் எங்கட பக்கம் எண்டு நீங்கள்தானே ரீச்சர் சொன்னனீங்கள்."

குற்றம் சாட்டவில்லை. சந்தேகம் கேட்கிற குரல். வகுப்பில் கை உயர்த்திக் கேட்பாளே, அதே குரல். அதைவிட அவள் என்னைத் திட்டியிருக்கலாம்.

தாய்க்கு அப்போதுதான் விஷயம் பிடிபட்டது. கத்தியைத் தூக்கிய கையை மெல்ல இறக்கினா. மகளிடம் தாழ்ந்த குரலில், "அசையாத புள்ள. நான் முன்னுக்குப் போறேன். என் அடியில அடி வச்சு வா" என்று சொன்னா. விறகுக் கட்டைத் திரும்பியும் பார்க்கவில்லை.

முதல் நாள் மழை பெய்திருந்ததால் ஈர மண்ணில் அவர்கள் வந்த தடம் பதிந்திருந்தது. தாய் செருப்பில்லாத தன் காலைத் தன்னுடைய பழைய தடத்தின் மேல் திருப்பி வைத்தா. பிறகு அடுத்தது. மகள் பின்னால். நான் அவர்களை அந்தப் பக்கம் அனுப்பியவள், கட்டின் மேல் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் நான் நிற்கிற இடம் எது என்று யோசித்தேன். வாய்க்கால் கட்டு. படத்தில் அதுதான் எல்லைக் கோடு. ஒரு சமனிலியில் கோடும் சேர்த்தி என்றால் முழுக்கோடு போடவேண்டும், சேர்த்தி இல்லை என்றால் முறிகோடு போடவேண்டும். இதைப் பிள்ளைகள் மாற்றிப் போட்டால் புள்ளி வெட்டுகிறவள் நான். அந்த இரண்டு பேரும் கொண்டுவந்த படத்தில் வாய்க்கால் கட்டு முழுக்கோடா, முறிகோடா? எனக்கு நினைவில்லை. நான் ஆறு படத்திலும் அடிமட்டம் வைத்து முழுக்கோடாக இழுத்திருந்தேன், அது கீறுவதற்கு லேசு என்பதற்காக. என் காலுக்குக் கீழே இருக்கிற மண் எந்தப் பக்கத்தைச் சேர்ந்தது என்று, அதைக் கீறிய எனக்கே தெரியவில்லை. ஒரு புள்ளியை வைத்துப் பார்க்கலாம். பிழைத்தால் அழித்துவிட்டு மற்றப் பக்கம் போகலாம். இறங்கவும் பயம், நிற்கவும் பயம். நின்றேன்.

பாதி தூரத்தில் தாய் நின்றுவிட்டா. மண் முடிந்து புல் தொடங்கியிருந்தது. புல்லில் தடம் இல்லை. பத்துப் பன்னிரண்டு அடி அகலம், அதற்கு இங்கால் மறுபடி ஈரமண். நடுவில் எந்த வழியாக வந்தார்கள்? தாய் புல்லையே பார்த்துக்கொண்டு நின்றா. மகள் தாயின் சேலைத் தலைப்பைப் பிடித்திருந்தாள். ஒரு நுளம்பு என் கண்ணிமையில் குந்தி இரத்தம் குடித்தது. கையை உயர்த்த எனக்குத் துணிவு இல்லை.

"அம்மா, வர்றப்ப துப்புனீங்களா?" என்று பிள்ளை கேட்டாள்.

தாய்க்கு எந்நேரமும் வெற்றிலை வேண்டும். புல்லைக் குனிந்து தேடினார்கள். "அந்தா" என்று மகள் காட்டினாள். எனக்கும் தெரிந்தது. பச்சைப் புல்லில் சிவப்பாக ஒரு துப்பல். இரண்டு எட்டு இங்கால் இன்னொன்று. எனக்குக் கிடைக்காமல் போன சிவப்பு அங்கே அளவாக, வேண்டிய இடத்தில் கிடந்தது. தாய் அதைப் பார்த்துக் காலை நீட்டி வைத்தா. நான் கண்ணை மூடிவிட்டேன். அந்தப் புல்லை அவர்கள் கடந்ததை நான் பார்க்கவில்லை. இப்படியும் ஒரு ரீச்சர்.

கண்ணைத் திறந்தபோது பிள்ளை எனக்கு முன்னால் நின்றாள். அவள் என்னை ஒரு கையிலும் தாய் மறு கையிலும் பிடித்து, தாங்கள் வந்த தடத்திலேயே கட்டுக்கு இங்கால் இறக்கிவிட்டார்கள். காப்பாற்றப் போனவளைக் கைப்பிடித்துக் கூட்டி வந்தார்கள் என்று சொன்னால்தான் சரி. ஒழுங்கைக்கு வந்ததும் நான் சேற்றிலேயே குந்தியிருந்து அழுதேன்.

"அழுவாதீங்க டீச்சர், வந்துட்டோம்ல" என்றா தாய்.

"பிழை முழுக்க என்னிலதான் அம்மா. நான்தான் அந்தப் படத்தைக் கீறினனான்."

அவ மடியிலிருந்து படத்தை எடுத்தா. நாலாக மடித்து, நனையாமல் பிளாஸ்ரிக் பையில் சுற்றி வைத்திருந்தா. "எனக்கு வாசிக்கத் தெரியாது டீச்சர். புள்ள வாசிச்சுச் சொல்லுச்சு. அதுக்கும் நான் ரெண்டு நாளு யோசிச்சேன். டீச்சரு கீறுனதுல பிழை இருக்காதுன்னுதான் போனேன்" என்று சொல்லிப் படத்தை என் கையில் தந்தா.

அன்றைக்கே மற்ற ஐந்து படங்களையும் வீடு வீடாகப் போய் வாங்கினேன். அதிபர் மேசையில் எனக்கு எதிரே இருந்து, நான் புதிதாக ஆறு படங்கள் கீறும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். இந்த முறை மண்டையோடுகளைக் கீறினேன். கண் குழி, மூக்குக் குழி, பல். ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக வந்தது. ஒன்று சிரித்தது. நிழற்றவே இல்லை. நடுவில் பெரிய எழுத்தில், மிதிவெடி, போகக் கூடாது, செத்துப்போவீர்கள் என்று எழுதினேன். வாய்க்கால் கட்டைப் பற்றி வெடி எடுக்கிறவர்களிடம் கேட்டு அறிந்துகொண்டேன். அதுவும் சேர்த்திதான் என்றார்கள்.

மூன்றாம் நாள் பகல், பாடம் நடந்துகொண்டிருந்தபோது அந்தச் சத்தம் வந்தது. ஒரேயொரு தரம். மரத்திலிருந்த காகங்கள் எல்லாம் எழும்பின. நான் குழிக்குப் போகவில்லை. அவளைத்தான் பார்த்தேன், அவளும் என்னைப் பார்த்தாள். யாருடையதோ கயிற்றை அவிழ்த்துக்கொண்டு போன மாடு மிதித்தது என்று பின்னேரம் தெரியவந்தது. கட்டிக் கிடந்த விறகுக்குப் பக்கத்தில் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். அவள் கயிறு எடுத்துக்கொண்டு நின்ற இடத்துக்கும் அதற்கும் எத்தனை அடி என்று நான் யாரிடமும் கேட்கவில்லை.

தவணைப் பரீட்சைக்குக் கேள்வி எழுதியபோது நான் புதிதாக ஒன்றும் யோசிக்காமல், கொப்பியில் இருந்த பழைய கணக்குகளையே போட்டேன். அப்படி விறகுக் கணக்கும் போய்விட்டது. தாள்களைக் கொடுத்த பிறகுதான் கவனித்தேன். திருப்பி வாங்க முடியவில்லை. அவள் தலை குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள்.

வீட்டில் அவளுடைய தாளைக் கடைசியாகத் திருத்தினேன். கோடுகள் இரண்டும் சரி. முனைகள் நான்கும் சரி. நிழற்றியிருக்கவில்லை. நாற்பக்கலுக்கு உள்ளே "இது எங்கட பக்கம்" என்று எழுதியிருந்தாள். கோடுகளுக்கு அப்பால், தாளின் விளிம்பு வரைக்கும், சின்னச் சின்ன மண்டையோடுகள். அவ்வளவு பென்சிலை அவள் எங்கே எடுத்தாள் என்று தெரியவில்லை. கீழே விடை இருந்தது.

"ஆகக்கூடிய அரிசி 13 கொத்து. அது (3, 2) என்ற மூலையில் கிடைக்கும். அம்மா (2, 2) இல் நிற்கட்டும். 10 கொத்து எங்களுக்குக் காணும்."

புத்தகப்படி அது பிழையான விடை. பேனாவை எடுத்துச் சரி போட்டேன்.